நிலைமத்துக்கு ஒரு நாச்சிமுத்து

கணபதி என்ற ஊரில் இருக்கும் நாச்சிமுத்துவைச் சோம்பேறி என்று எழுதினால் அது துல்லியமாகாது. சோம்பேறி வேலையைத் தள்ளிப்போடுவான். தள்ளுவதற்கும் கையை அசைக்க வேண்டும் என்பதால் நாச்சிமுத்து எதையும் தள்ளிப்போட்டதில்லை. பம்புசெட்டு உதிரிபாகக் கடையை வாடகைக்கு விட்ட நாள் முதல், கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே போட்ட கட்டிலில்தான் அவர் வாசம். மனைவி காலமான பிறகு வீட்டில் அவரும் மகன் பவனும் மட்டுமே. பவன் மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலைக்குப் போகுமுன் சமைத்து, பாத்திரம் கழுவி, அப்பாவுக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவான்.

அடுத்த தெருவில் நாச்சிமுத்துவின் தங்கை கணவர் கிருபாசங்கர் டியூஷன் நடத்தினார். காலையில் இயற்பியல், மாலையில் கணக்குப்பதிவியல், ஞாயிற்றுக்கிழமைகளில் மேலாண்மை. மூன்று வகுப்புக்கும் பாடம் வேறு, புத்தகம் வேறு. உதாரணம் மட்டும் ஒன்றுதான். இந்த விவரம் அந்த உதாரணத்துக்கே தெரியாமல் இருந்தது.

தெரியவந்தது பல் மருத்துவரின் நாற்காலியில். மருத்துவர் ஹர்ஷிணி, சீட்டைப் பார்த்துவிட்டு, அவர் வாய்க்குள் ஊசியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, கணபதியில கிருபா சார் சொல்ற நாச்சிமுத்து மாமா நீங்கதானுங்களா?"

"ஆ" என்றார் நாச்சிமுத்து. வேறெதுவும் சொல்லக்கூடிய நிலையில் அவர் இல்லை.

"அய்யோ, உங்களாலதானுங்க நான் பாஸே ஆனேன்! நிலைமம்னா என்னன்னு சார் சொல்லுவாருங்க: கரண்ட் போனா மின்விசிறி நின்னுபோகும், அடியில கிடக்கற மாமா அப்பவும் எந்திரிக்க மாட்டாரு. எம்பட தங்கச்சி காமர்ஸ் குரூப்புங்க. அவளுக்கும் நீங்கதான். வருசா வருசம் கட்டிலோட மதிப்புக் குறையறது தேய்மானம். தூக்கத்துக்காக விட்டுப்போட்ட கல்யாண விருந்து வாய்ப்புச் செலவு. இன்னும் கொஞ்சம் பெருசாத் தொறங்க."

பல்லைப் பிடுங்கியதே அவருக்குத் தெரியவில்லை.

வாயில் பஞ்சோடு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். நடந்தே போனார் என்பதிலிருந்து அவருடைய கோபத்தை அளந்துகொள்ளலாம்.

"மாப்பிள்ளை, என்னை ஊருக்கே பாடம் நடத்திப்போட்டீங்களே!"

"கோவிச்சுக்காதீங்க மச்சான்" என்றார் கிருபாசங்கர். "பசங்க மனசுல நிக்கோணுமில்லீங்க. நியூட்டனை அவங்க கண்டாங்களா? மாமன்னா ஊட்டுக்கு ஊடு ஒருத்தர் இருக்கறாரு."

"ஞாயித்துக்கிழமை பவனுக்கு வடவள்ளியில பொண்ணு பாக்கப் போறோம். அந்தப் புள்ளையும் உங்ககிட்டப் படிச்சிருந்தா என்னாகறது? நந்திதான்னு பேரு. ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்குது."

கிருபாசங்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே பளிச்சென்றிருந்த கண்ணாடிதான் அது.

"முதல் பெஞ்சுங்க மச்சான்" என்றார்.

நாச்சிமுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பவனுக்கு வயது முப்பத்து மூன்று. ஜாதகம் பொருந்திய இடத்தில் கூட்டம், அதாவது குலம், ஒன்றாகி அண்ணன் தங்கை முறையாகப் போயிற்று. கூட்டம் வேறாக இருந்த இடத்தில் பெண் பெங்களூர் மாப்பிள்ளை கேட்டாள். எல்லாம் கூடிவந்த இடம் வடவள்ளி ஒன்றுதான். மாமனார் கட்டிலோடு பிறந்தவர் என்று தெரிந்தால் எந்தப் பெண் சம்மதிப்பாள்?

"நீங்களும் தங்கச்சியும் வரப்படாது. கொங்கு நாட்டுல நாச்சிமுத்துங்கற பேரு எனக்கு மட்டுமா இருக்குது? நான் வேற நாச்சிமுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வடவள்ளி வீட்டில், பவனும் தரகரும் சோபாவில் உட்கார, நாச்சிமுத்து மட்டும் நின்றார். பெண்ணின் அப்பா அவினாசியப்பன் மூன்று முறை உட்காரச் சொன்னார்.

"இருக்கட்டுமுங்க. நமக்கு உட்கார்ந்தாத்தான் அசதி" என்றார் நாச்சிமுத்து.

பெண்ணின் அம்மா காபித் தட்டோடு வர, அதைப் பாய்ந்து வாங்கி அவரே எல்லோருக்கும் கொடுத்தார். மூலையில் இருந்த நாற்காலியை இடம் மாற்றிப் போட்டார். அது யாருக்கும் தேவைப்படவில்லை. கேட்டுக்கு வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபோது, குழாயைப் பிடிக்கப் போனவரைத் தரகர்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பவன் தன் அப்பாவை, புதிதாக யாரையோ பார்ப்பது போலப் பார்த்தான்.

நந்திதா வந்து உட்கார்ந்தாள். பவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாச்சிமுத்துவிடம் திரும்பினாள்.

"உங்க ஊட்டுல சமையலெல்லாம் யாருங்க மாமா?"

இதற்குத்தான் அவர் மூன்று நாளாகத் தயார் செய்திருந்தார்.

"எல்லாம் நானேதான் அம்மணி. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுருவேன். பவன் ஒரு டம்ளரைக் கழுவி வெச்சதில்லீங்க. ராஜாவாட்டம் வளர்த்திருக்கறேன்."

பவன் வாயைத் திறந்தான். நாச்சிமுத்து அவன் காலை மிதித்தார்.

நந்திதாவின் முகம் வாடியது. அப்பாவிடம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இவங்க வேற ஆளுங்கப்பா. கிருபா சார் ஒரு நாச்சிமுத்து மாமாவைச் சொல்லுவாரு. அவரு கட்டிலை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு. பையன்தான் தோசை சுட்டு, துணி துவைச்சு எல்லாம் செய்வாரு. கணபதின்னதும் அந்தப் பையன்தான்னு நினைச்சுத்தான் ஜாதகத்துக்கே சரின்னேன். ராஜாவெல்லாம் நமக்கு எதுக்குங்கப்பா?"

அவள் எழுந்தாள். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கண்ணு, நில்லுங்க!" நாச்சிமுத்துவின் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "அந்தச் சோம்பேறி நாந்தானுங்க."

"பொண்ணு வேணும்னு இப்ப மாத்திச் சொல்றீங்க" என்றாள் நந்திதா. ஆடிட்டர் ஆபீஸ் பழக்கம். ஆதாரம் இல்லாமல் எதையும் வரவு வைக்க மாட்டாள். "கிருபா சார் வகுப்புல அதிகார ஒப்படைப்புன்னு ஒரு பாடமுங்க. கேஸ் சிலிண்டர்காரர் வந்து வெளிய நின்னப்ப மாமா என்ன பண்ணுனாரு?"

"படுத்துட்டே பவனுக்குப் போன் போட்டனுங்க. அவன் கம்பெனியிலிருந்து வந்து கதவைத் தொறந்துவிட்டான்."

"கதவு எவ்வளவு தூரமுங்க?"

"எட்டித் தொடலாமுங்க" என்றார் நாச்சிமுத்து, தலையைக் குனிந்துகொண்டு.

அவினாசியப்பனுக்குக் காபி புரையேறியது. நந்திதா சிரிக்கவில்லை. பவன் பக்கம் திரும்பினாள்.

"தோசைக்கு மாவு கடையில வாங்குவீங்களா?"

"இல்லீங்க. கடை மாவு அடுத்த நாளே புளிச்சுப்போகும். கிரைண்டர்ல நானே ஆட்டிருவனுங்க." அந்த வீட்டுக்குள் வந்து பவன் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

நந்திதா மறுபடி உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். தரகர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நாச்சிமுத்து நீண்ட மூச்சு விட்டு, அப்படியே சோபாவில் சரிந்தார். மெத்தை நன்றாக இருந்தது. கால்களை நீட்டிக்கொண்டு காலி டம்ளரைப் பழக்கத்தில் பவன் பக்கம் நீட்டினார். பவனும் பழக்கத்தில் எழுந்தான்.

"நீங்க உட்காருங்க" என்றாள் நந்திதா பவனிடம். "மாமா, எனக்கு ஒரே ஒரு கண்டிசனுங்க. இவரு சமைக்கட்டும், நானும் சமைக்கறேன். உங்க டம்ளரை மட்டும் நீங்களே கழுவோணும். சரின்னா மேல பேசலாமுங்க."

நாச்சிமுத்து மகனைப் பார்த்தார். பவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரகர் நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோபா ஆழமானது. கையை ஊன்றி, ஒரு முறை சறுக்கி, மறுமுறை எழுந்து நின்றார். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி," என்று கேட்டார், "கழுவற தொட்டி எந்தப் பக்கமுங்க?"