திசை தெரிந்தவர்

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போய் வந்த நாளில் அவருடைய சட்டையைப் பார்த்தாலே தெரியும். முதுகுப்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு பிடி அளவுக்குத் துணி கசங்கிக் கிடக்கும். கசக்கியது நான்தான். கல்யாணமான புதிதிலிருந்தே, கூட்டமுள்ள இடத்துக்குள் நுழைந்தால் என் கை தானாகப் போய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அப்படிப் போகும்போது அவருடைய உரக்கடைக் கூட்டாளி ஒருவர் பார்த்துவிட்டு, "என்னப்பு, எஞ்சின் பின்னால பெட்டிய மாட்டிக்கிட்டு வாரீக?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் விட்டு, என் கையைத் துழாவிப் பிடித்து, மறுபடியும் சட்டையில் வைத்துவிட்டு நடந்தார்.

எனக்குத் திசை தெரியாது. கொஞ்சநஞ்சம் தடுமாறுவேன் என்று சொல்லவில்லை, அறவே தெரியாது. ஜவுளிக்கடைக்குள் போய்விட்டு வெளியே வந்தால், வந்த வழிக்கு எதிர்ப்பக்கம்தான் நடப்பேன். அதிலும் என்ன ஒரு தைரியம் என்கிறீர்கள், விறுவிறுவென்று நடப்பேன். "ஊர் நடுவுல அம்புட்டுப் பெரிய மலை கெடக்கு, அதப் பாத்து நடக்க வேண்டியதுதான" என்பார்கள். அவர்களுக்கு அந்த மலைக்கோட்டை ஒரே இடத்தில் இருக்கிறது. எனக்கு அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் இடப்பக்கம் பார்த்தது, சாயங்காலம் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். இந்த லட்சணத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். உதிக்கும் சூரியனைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு, இடக்கைப் பக்கம் வடக்கு என்று பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லிப் பாடம் நடத்துவேன். பாடத்தை முடித்துவிட்டு, வகுப்புக்குத் திரும்பும்போது பிள்ளைகள் பின்னால்தான் போவேன்.

அவர் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். காய்கறி வெள்ளாமை செய்த வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டில் இடதுபக்கம், வலதுபக்கம் என்ற பேச்சே கிடையாது. எல்லாம் திசைதான். பாயில் படுத்திருப்பவரைக்கூட, "செத்த தெக்க தள்ளிப் படு" என்பார்கள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன மறுநாள், என் மாமியார் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, "ஆத்தா, வெஞ்சனத்துக்கு உப்புப் போடு. மேக்கால இருக்குற டப்பா" என்றார். நான் ஒரு டப்பாவை எடுத்துப் போட்டேன். அது கோலப்பொடி. அன்றைக்கு அவரைக்காய் வெஞ்சனம் குப்பைக்குப் போனது. சிறுமலைப் பக்கமிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏலே, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுன்னியே, ஒம் பொண்டாட்டிக்குப் பொழுது எந்தப் பக்கம் கெளம்புதுன்னு கேளுலே" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் உப்பு டப்பாவின் மூடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு டவுனில் தனிக்குடித்தனம் வந்தோம். நான் பலமுறை கேட்டிருக்கிறேன், எனக்கும் இந்தத் திசையைப் பழக்கிவிடுங்கள் என்று. அவரும் சொல்லித்தான் பார்த்தார். நாலு நாள் சொல்வார், நான் நாலு நாளும் தப்பாகச் சொல்வேன். கடைசியில் என் முகம் வாடுவதைப் பொறுக்க மாட்டார். "விடு புள்ள. நான் இருக்கேன்ல, ஒனக்கெதுக்கு அந்தத் தொல்லை?" என்பார். எத்தனை பெண்களுக்கு அப்படிச் சொல்லும் புருஷன் வாய்க்கும்? எனக்கு வாய்த்தது. நானும் நிம்மதியாக விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். மூன்று மாதம் இருந்தான். நல்ல நிறம், தலை நிறைய முடி, பால் குடிக்கும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பான். கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்து, அவருடைய தாத்தா பெயரை வைத்தோம். காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது அவர் கையில் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வேறு எதுவும் அந்த நாளில் எனக்கு நினைவில்லை. ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை நான்தான் போட்டுவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

பச்சை உடம்புக்காரி கல்லறைத் தோட்டத்துக்கு வரக்கூடாது என்று என்னை வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கைப்பிள்ளைக்குக் கூட்டம் சேர்ப்பதும் எங்கள் வழக்கமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது அவரும் என் மாமனாரும் மட்டும்தான். சாமியார் வந்து செபம் சொன்னார். அவ்வளவுதான். இன்னொரு வழக்கமும் இருந்தது. தலைப்பிள்ளை கைப்பிள்ளையாகப் போய்விட்டால் அதற்குக் கல்லறை கட்டக்கூடாது, பெயர் எழுதக்கூடாது. வெறும் மண்மேடும், நாளானால் உளுத்துப்போகிற ஒரு குச்சிச் சிலுவையும்தான். கல்லை வைத்தால் அடுத்த பிள்ளை தங்காதாம். வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். "எழுதலதான் ஆத்தா. ஆனா பாத்திருக்கோம்ல" என்றார் மாமியார். அவரும் பேரப்பிள்ளையைப் பறிகொடுத்து அழுது ஓய்ந்த கண்ணோடுதான் அதைச் சொன்னார்.

வருஷம் தவறாமல் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவார். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்திருக்கும். மண்மேடெல்லாம் கரைந்து தரையோடு தரையாகப் புல் மூடிக்கிடக்கும். அதனால் முதல் நாளே அவர் மட்டும் மண்வெட்டியோடு போய், புல்லைச் செதுக்கி, புது மண்ணை அள்ளிப் போட்டுத் தட்டி, மேட்டை எழுப்பிவிட்டு வருவார். புதுச் சிலுவையும் நட்டுவிட்டு வருவார். வேட்டி முழுக்கச் செம்மண்ணோடு வந்து நின்று, "தம்பிக்கு மெத்த போட்டாச்சு" என்பார். மறுநாள் செவ்வந்தியும் சம்பங்கியும் வாங்கிக்கொண்டு போவோம். கதவைத் தாண்டியதும் நான் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். நடுவில் இருக்கிற பெரிய சிலுவையைத் தாண்டுவது தெரியும். பிறகு எங்கெங்கோ திரும்புவார். அவர் நிற்கும்போது நான் நிற்பேன். குனிந்து பார்த்தால் என் பிள்ளை இருப்பான். ஒருமுறை, "நான் தனியா வந்தா எப்பிடிங்க கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன். "வடக்கு மதிலப் பாத்து நட, அங்கேருந்து மேக்க" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நீ ஏன் தனியா வரப்போற?" என்றார்.

அடுத்த பிள்ளை வரவேயில்லை. ஆஸ்பத்திரி, நேர்ச்சை, எதையும் விடவில்லை. வராத பிள்ளைக்காக, வந்த பிள்ளைக்கு ஒரு கல் வைக்காமல் விட்டோம். சில வருஷம் கழித்து இனிமேல் வைத்தால் என்ன என்று நானே கேட்டேன். வைப்போம் என்றார். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால், இனி நமக்குப் பிள்ளை இல்லை என்று ஒத்துக்கொள்வது இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று போய்க்கொண்டிருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில், ஒரு தவக்காலத்தில், உரக்கடையில் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து போய்ச் சேரும்போது பேச்சில்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை மனுஷன். அவரை அதே கல்லறைத் தோட்டத்தில், பெரிய சிலுவைக்குப் பக்கத்திலேயே, கதவிலிருந்து நேராகப் போகிற பாதை ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். கல் வைத்துப் பெயர் வெட்டினோம். எனக்காகவே இடம் பார்த்ததுபோல அமைந்தது. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் அவரிடம் போய்விடலாம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பெய்யப் பெய்ய எனக்கு அந்த மண்மேடு கரைவதுதான் கண்ணில் நின்றது. மேட்டை எழுப்ப ஆளில்லை. என் மாமனார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். குழி வெட்டுகிறவரோ புதிதாக வந்தவர். "சின்னப் பிள்ளைகள அந்த மூலையிலயும் போட்ருக்காக, இந்த மூலையிலயும் போட்ருக்காகம்மா. மேடு இல்லைன்னா நான் எதக் கண்டேன்?" என்றார். கோவிலில் போய்க் கேட்டேன். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, புதைத்த இடம் எழுதுவதில்லை என்றார்கள். என் கொழுந்தன் நல்ல பிள்ளை. அண்ணன் மகன் இறந்தபோது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தவன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான், "மதினி, எங்கயாச்சும் ஒரு சிலுவைய நட்டுக் கும்புட்டுக்கிருவோம். சாமிக்குத் தெரியாமலா போகும்?" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எங்கயாச்சும் நட்டுவைக்க எம் பிள்ள என்ன முருங்கக் கொம்பாய்யா?" என்று கத்திவிட்டேன். பாவம், அவன் அழுதுவிட்டான்.

கல்லறைத் திருநாளன்று தனியாகப் போனேன். அவரிடம் பூவை வைத்துவிட்டு, செவ்வந்தியில் பாதியை முந்தானையில் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன். வடக்கு மதில் என்று சொன்னாரே. நாலு பக்கமும் மதில்தான் இருக்கிறது. சூரியனைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தால் வானம் முழுக்க மப்பு. ஊரெல்லாம் கூட்டமாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறது, நான் ஒவ்வொரு சின்ன மேடாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறேன். சுற்றிச் சுற்றி, ஒரு மதிலோரம் புல் மூடாத ஒரு குட்டி மேடு கண்ணில் பட்டது. யாரோ மண்ணைத் தட்டி வைத்திருந்தார்கள். சிலுவை இல்லை. அவர் தட்டிவைப்பது போலவே இருந்தது. மாதாவே, என்னைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாயே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூவைப் பரப்பினேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். "அய்யா, ஒங்கப்பா போயிட்டாருய்யா" என்று சொன்னேன். அதுவரை வாய்விட்டு அழாதவள், அங்கே கிடந்து அழுதேன்.

பின்னால் ஆள் நிற்பது தெரிந்து திரும்பினேன். சின்ன வயசுப் பெண் ஒருத்தி, மடியில் பூ. பக்கத்தில் அவள் புருஷன், கையில் வெள்ளையடித்த சிலுவை, அதில் புதிதாக எழுதிய ஒரு பெயர். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. அந்தப் பையன்தான் மெதுவாக, "அக்கா, இது எங்க பாப்பாக்கா" என்றான். என் கை தானாகப் பூவை அள்ள ஆரம்பித்தது. மெழுகுவர்த்தியை எடுக்கப் போனேன், சுட்டது. அந்தப் பெண் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதீகக்கா, இருக்கட்டும்" என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஒங்க பிள்ள எந்தப் பக்கம்க்கா? வாங்க, நாங்களும் கூட வாரோம்" என்றாள்.

பெற்றவளுக்கே திசை தெரியவில்லை. சும்மா கையைத் தூக்கி, இங்கேதான் எங்கேயோ என்பதுபோல ஒரு வட்டம் காட்டினேன். அவள் புரிந்துகொண்டாளோ என்னவோ, என்னைக் கட்டிக்கொண்டாள். பெரிய சிலுவை வரைக்கும் அந்தப் பையன்தான் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வருஷங்கள் எத்தனையோ ஆகிவிட்டன. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல் பழைய மேடுகளின் மேலேயே புதிதாகப் புதைக்கிறார்கள். இப்போது நான் தேடிப் போவதில்லை. யார் வீட்டு மேட்டின் மேலும் தெரியாமல் கால் வைத்துவிடக் கூடாதே என்று பாதையை விட்டு இறங்குவதுமில்லை. கதவைத் தாண்டி நேராக அவரிடம் போகிறேன். இரண்டு பேருக்கும் உரிய பூவை அவர் தலைமாட்டிலேயே வைக்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு வருகிறேன்.

"ஏங்க, எனக்குத்தான் வழி தெரியாதே. நீங்க போயிப் பிள்ளையப் பாத்துக்கங்க."