கயிற்றில் கட்டிய துணி

சண்முகவடிவைப் பற்றி என்னிடம் கேட்டால் நல்லதாக நாலு வார்த்தை வராது. ஆனாலும் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து வாக்கில், இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு நான்தான் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். உள்ளே இருட்டு. கயிற்றில் தொங்கும் தொட்டில் எல்லாம் ஒரே மாதிரிச் சாக்கு. தூங்குகிற பிள்ளையை எது காலியோ அதில் போடுவேன். பால் கொடுக்க ஓடிவருகிறவள், "ராசம்மாக்கா, எம்புள்ள எங்க?" என்று வாசலிலிருந்தே கத்துவாள். நான் கை காட்ட வேண்டும். கங்காணி பெண்சாதியும் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்விதான் எனக்கு இருந்த ஒரே மரியாதை.

துணை ஆயாவாக வந்து சேர்ந்தாள் வடிவு. வந்த வாரமே ஒவ்வொரு தாயிடமும் பழைய சேலைக் கிழிசல் ஒன்று வாங்கினாள். பிள்ளையை எந்தத் தொட்டிலில் போட்டாலும் அதன் கயிற்றில் அந்தத் துணியைக் கட்டினாள்.

"எதுக்குடி இந்தக் கூத்து? நான் இல்லையா சொல்ல?"

"கேக்காமலே தெரியணும்க்கா. எல்லாருக்கும் தெரியணும்."

வந்தவர்கள் தங்கள் துணியைப் பார்த்தார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வயிறு பற்றி எரிந்தது எனக்கு.

ஒரு தீபாவளிக்கு நாங்கள் குடியிருந்த லயம் முழுக்க ஒரே பச்சைச் சேலை எடுத்தார்கள். அது நைந்து கிழிந்தபோது எல்லாக் கயிற்றிலும் பச்சை. வேலாயி, இசபெல்லின் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்! எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. வடிவு, மாட்டிக்கொண்டாயா மகளே என்று நினைத்தேன்.

அன்றைக்குத் தப்பாமல் தூக்கியவள் நாகலெட்சுமி ஒருத்திதான். அவளுக்குப் பாதிக் கண் தெரியாது. முன்பெல்லாம் கடைசிவரை ஓரமாக நிற்பாள். அவளுக்கும் நான் கை காட்டாமலா இருந்தேன்?

வடிவு அவளிடம் போய், "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"எனக்கேதுடி பச்சையும் செவப்பும்? துணியில ஒரு பழைய வளையலக் கோத்து வச்சிருக்கேன். தடவிப் பாத்துக்குவேன்."

மறுநாள் ஒருத்தி துணியில் பொத்தான், ஒருத்தி துணியில் முடிச்சு, ஒருத்தியுடையதில் சோழி. மழை இருட்டிலும் கையால் தடவியே பிள்ளையை எடுத்தார்கள். இந்த வடிவுக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் கூடி வருகிறதோ!

பிறகு வடிவின் புருஷன் செல்லசாமிக்கு மஸ்கெலியாவில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போனாள். தொலைந்தது சனியன் என்று மறுநாள் தலையை வாரி, நல்ல சேலை கட்டி, வாசலில் நின்றேன். பெண்கள் வந்தார்கள். என்னைத் தாண்டி நேரே உள்ளே போய்த் தடவினார்கள், தூக்கினார்கள். ஒருத்திகூடக் கேட்கவில்லை.

கடைசியாகப் புதுப் பிள்ளையோடு வந்த வேலாயி வாசலில் நின்றாள்.

"ராசம்மாக்கா!"

எனக்கு உயிர் வந்தது. "என்னடி, சொல்லு!"

"இவன் துணியக் கட்டணும், நீளம் பத்தல. ஒரு துண்டுக் கயிறு இருக்குமா?"