‘வா’ என்று பாடியவரைத் தேடி ஜான்-டலோன் வரை

2004 மார்ச்சில், ஒரு சனிக்கிழமை, சல்சா இசைத்தட்டு ஒன்று வாங்க, நகரத்தின் மறுகோடியிலிருக்கும் ஜான்-டலோன் சந்தைப் பக்கம் போனேன். சிரிக்காதீர்கள். புவாண்ட்-கிளேரில் நான் பெட்டி கட்டும் கிடங்கின் வானொலியில் அந்த ஆல்பத்தின் பாட்டு ஒன்று அடிக்கடி போகும். எக்காளமும் கொங்கா மேளமும் அமர்க்களப்படும். நடுவே பொப் பாட்டுக்கான இனிமையான கிட்டார். பாடகரோ உருகி உருகி “வா, வா” என்பார். யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருக்கும் என் கணவரிடம் நான் சொல்ல ஏங்குவதும் அதைத்தான். என்ன, நான் ‘வாங்கோ’ என்பேன். பாடகருக்கு அந்த மரியாதை தெரியாது.

எங்கள் பக்கத்துக் கடைகளில் தட்டு இல்லை. பியர்பொன்ட்ஸிலிருந்து கோட்-வெர்த்து மெத்ரோ ரயில் நிலையத்துக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போல ஆனது. ஸ்நோடனில் நீலப் பாதைக்கு மாறினால் ஜான்-டலோன். சந்தைக்குப் பின்தெருவில், சோளமாவும் இசைத்தட்டும் விற்கும் லத்தீன் கடை. விலை பதினைந்து டொலர்.

கடைக்காரப் பெண் தட்டைப் போட்டுக் காட்டினாள். “வா” வந்ததும் என் முகம் மலர்ந்ததைப் பார்த்து, “இது சோகப் பாட்டு. ஸ்பானிஷில் வா என்றால் போகிறாள். அவனை விட்டுப் போகிறாள்” என்றாள் பிரெஞ்சில். பிரெஞ்சிலும் அதே சொல், அதே அர்த்தம். மாலை வகுப்பில் முதலில் படித்ததே அதுதான். எனக்குத்தான் தமிழாகக் கேட்டிருக்கிறது. திரும்பும் வழியெல்லாம் மனம் விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலை தொலைபேசியில் கணவருக்குப் பாட்டைக் கேட்கவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

“வா எண்டா போறதாமப்பா.”

அவர் சிரித்தார். “அதுக்கேன் அழுறீர்? பிளேன் ஏறேக்க நீர் என்ன சொன்னனீர்? வாறன் எண்டுதானே? எங்கட ஆக்களும் போகேக்கதான் வாறன் எண்டு சொல்லுறது.”

நான் பாட்டை முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்குமேல் சந்தையில் நெரிசல். தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அர்த்தம் மட்டும் கேட்காதீர்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். தொலைபேசி அட்டை முடியும்போது எப்போதும் “சரி, வைக்கிறன்” என்பவர், அன்று “வாறன்” என்றார்.