மூங்கில் காலில் சுற்றிய கொடி

எனக்கு அறுபது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாகத்தான் வரும், வரட்டும்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில், பண்ணையார் நிலத்து ஓரத்தில் எங்கள் குடிசை. அதற்குள்ளே ஒரு கொடி இருந்தது. மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போன மாமா, நான் தொட்டிலில் கிடந்தபோது கொண்டுவந்தது. தேங்காய் மட்டையில் பொதிந்து, கூரையைத் தாங்க அப்போதுதான் நட்டிருந்த மூங்கில் காலில் கட்டிவிட்டுப் போனாராம். மெழுகு தேய்த்தது போல் தடித்த இலை. கீற்று இடுக்கில் கசியும் வெளிச்சம் அதற்குப் போதும். வருஷத்துக்கு ஒரு முழம் ஏறினால் பெரிது.

அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. நாற்றங்காலுக்குக் கட்டுவது போல் தண்ணீர் கட்டினார். இலை பழுத்து உதிர்ந்தது. "இது நெல்லு இல்லீங்க, அதுக்குத் தாகம் எடுக்கட்டும்" என்று அம்மா மட்டையை வடியவிட்டாள். அடுப்புக் கரி படியாமல் ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைப்பாள். சாமியை அலங்கரிப்பது போல இருக்கும். நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்பிருந்தே குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்ட சமயம் அது. கூலி கூட்டிக் கேட்டதில் பண்ணைக்கும் எங்கள் தெருவுக்கும் பேச்சு முறிந்திருந்தது. ஒருநாள் விசாரிக்க அதிகாரி வந்தார். கூடவே பண்ணையின் காரியக்காரர்.

"இவங்க போன அறுப்புக்கு வந்தவங்க சார். குடிசை நாங்க போட்டுக் குடுத்தது."

"தெருவுல யார வேணாலும் கேளுங்க ஐயா" என்றார் அப்பா.

"தெருவே ஒரு கட்சி. இது உன் மாமியார் ஊருன்னு நீ சொன்னாகூட ஆமாம்பாங்க."

எங்களிடம் காட்ட ஒரு துண்டுத் தாள் கிடையாது. அம்மாதான், "உள்ள வந்து பாருங்க ஐயா" என்றாள். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து வந்தார். காரியக்காரர் எங்கள் வாசலைத் தாண்டுகிறவர் இல்லை. வெளியிலிருந்தே, "எங்கிருந்தோ கொண்டாந்து சுத்தின கொடி சார்" என்றார்.

அம்மா கொடியின் அடிச் சுற்றை நகத்தால் மெல்ல நெம்பினாள். கால் முழுக்க அடுப்புப் புகை ஏறி அட்டைக் கறுப்பு. கொடி பற்றியிருந்த இடத்தில் மட்டும் புது மூங்கிலின் மஞ்சள். அதிகாரி பேனா முனையால் அடுத்த சுற்றையும் தூக்கினார். அங்கும் மஞ்சள். மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே, கூரை வரைக்கும் அந்த மஞ்சள் தடம் பாம்பு போல ஏறிப் போனது. அத்தனை நாளும் கொடி தன் உடம்புக்குள் அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

"அடியில புகை படியறதுக்கு முந்தியே சுத்தின கொடி. இந்தக் கறுப்பு ஒரு அறுப்புல ஏறினது இல்ல" என்றார் அதிகாரி, வெளியே பார்த்து. காரியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

என் பயமெல்லாம், அதிகாரி கேட்டால் ஒரு கிளை ஒடித்துக் கொடுக்க வேண்டியிருக்குமே என்பதுதான். கேட்கவில்லை. அவர் போனதும், "கொடி அவருக்குப் புடிச்சுதாப்பா?" என்றேன்.

"புடிச்சுதும்மா."

அப்பா அந்த மூங்கில் காலைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கால் ஆடுகிறது போல, பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்து நானும் போய்ப் பிடித்துக்கொண்டேன். என் காலுக்குக் கீழே இருந்த மண் அன்றைக்குத்தான் எங்களுடையது ஆனது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கண்ணு, இத ஒருதரம் படிச்சுக் காட்டு. உன் கொள்ளுப்பாட்டி நகத்தால நெம்புற எடத்துல மட்டும் அவசரப்படாத.