மகள் வந்து பிரிக்கும்வரை

புது கார் வாசனை என்றால் ஆளாளுக்கு மூக்கை விரித்துக்கொண்டு வருவார்கள். "ஆஹா!" என்று கண்ணை மூடி இழுப்பார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போகிறவர்களுக்கு அது வாசனைதான். பகல் முழுக்க அதற்குள் கிடந்தவனைக் கேளுங்கள். நான் ஒன்றரை மாதம் கிடந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் புரட்டும், கூடவே கோபமும் வரும்.

நான் டிரைவர். என் முதலாளி தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து தி.நகர் உஸ்மான் ரோட்டை ஒட்டிய தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிகாரனாக இருந்தவன். அதனால் இரண்டு இடத்தில் வேலை போனது. எட்டு மாதம் என் மனைவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆதம்பாக்கத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீடுகளை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் கொண்டுபோய்ப் போட்ட வருஷம், பெண்ணின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அன்றோடு குடியை விட்டேன். அதை மறைக்காமல் சொல்லித்தான் அண்ணாச்சியிடம் வேலை கேட்டேன்.

"குடிச்சவன்னு நீயே சொல்லுத. அப்ப நெசமாத்தான் விட்டிருப்ப" என்று சாவியைக் கையில் கொடுத்தார். நாலு வருஷம் ஓடிவிட்டது. என்னை அப்படி நம்பிய மனிதரை எதிர்த்துப் பேச எனக்கு எங்கே வாய் வரும்?

பங்குனி மாதத்தில் அவர் புது கார் வாங்கினார். பெரிய கார். பழைய வண்டி வீட்டு உபயோகத்துக்கு என்று நின்றுவிட்டது. பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். சீட்டுகளின் மேல் கம்பெனிக்காரன் போர்த்தி அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கழற்றலாம் என்று கை வைத்தேன்.

"ஏய், கைய எடுடே! ஒரு மண்டலம் கழியட்டும். அதுக்குள்ள மக வந்துருவா. அவ கையாலதான் பிரிக்கணும். மொத மொத பின் சீட்டுல அவதான் உக்காரணும்."

அவருடைய ஒரே மகள் மும்பையில் இருந்தாள். தலைப்பிரசவம், வளைகாப்புக்கு ஏழாம் மாதத்தில் வருவதாக இருந்தது. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நானும் பெண்ணைப் பெற்றவன். ஒரு தகப்பனின் ஆசை என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காலையில் அடையாறில் அவர் வீட்டில் அவரை ஏற்றுவேன்; பின்சீட்டு மகளுக்கு என்பதால் முன்னால் என் பக்கத்தில்தான் உட்காருவார். ஏறியதும் ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வராமலிருக்கும் பொத்தானை அவரே எட்டி அழுத்துவார். "ஊர்த்தூசி பூரா உள்ள வருதுடே" என்பார். கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டும்போது கீழே நான் பிறந்து வளர்ந்த கரை தெரியும். கண்ணாடி ஏற்றியிருப்பதால் ஆற்று நாற்றம் கொஞ்சமும் வராது. உள்ளே வேறொரு நாற்றம், இனிப்பு மாதிரியும் பசை மாதிரியும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு டேஷ்போர்டில் அண்ணாச்சி ஒரு மல்லிகை சென்ட் பாட்டில் வேறு வைத்திருந்தார். இரண்டும் கலந்தால், ஐயோ சாமி!

இருபத்தைந்து நிமிடத்தில் அவர் இறங்கிக் கடைக்குள் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் என் சிறை ஆரம்பிக்கும். கடைக்கு எதிரே, நிழல் என்பதே இல்லாத இடத்தில் வண்டி நிற்கும். புது வண்டியில் எவனாவது பைக்கை உரசிவிடுவான், அதனால் நான் இறங்கக் கூடாது. வண்டி நிற்கும்போது ஏ.சி. போடக் கூடாது. தி.நகர் தெருவில் பறக்கிற புழுதிக்குப் பயந்து கண்ணாடியையும் இறக்கக் கூடாது. ஒரு விரல் இடைவெளிதான் அனுமதி. கடை வாசல் கேமராவின் படம் அவர் மேஜைமேல் ஓடிக்கொண்டிருக்கும். நான் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தால் போதும், போன் அடிக்கும்.

"எங்கடே போற?"

"காத்துக்கு அண்ணாச்சி."

"வண்டியப் பாத்துக்கடே. கூட்டம் நெருக்குது பாரு."

சித்திரை வெயிலில் மதியம் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உறை சூடேறி முதுகோடு ஒட்டும். ஸ்டியரிங்கைத் தொட முடியாது. சூடு ஏற ஏற அந்த நாற்றமும் ஏறும். முதல் வாரத்தில் தலைவலி மட்டும். இரண்டாவது வாரத்தில் கண் எரிந்து சிவந்து நீர் வடிந்தது. அப்புறம் தொண்டை கமறல், குமட்டல். சாயங்காலம் இறங்கி நடக்கும்போது கால் ஒரு பக்கமாக இழுக்கும்.

அந்தக் கோலத்தில் இரண்டு பஸ் மாறி நாலு மாடி ஏறி வீட்டு வாசலில் போய் நின்றால் என் மனைவி என்ன நினைப்பாள்?

"கண்ணு இன்னா இப்டி செவந்து கீது?"

"வண்டில ஒரே நாத்தம்மே. தல சுத்துது."

"வண்டில நாத்தமா? நல்லா கீதே கத! முன்னெல்லாம் பெயிண்ட் வாசனன்னுவ, இருமல் மருந்துன்னுவ. இப்போ வண்டியா?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. குடித்த காலத்தில் அந்தப் பொய்கள் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்! உண்மையைச் சொல்லும்போது நம்பவைக்க என்னிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை.

அன்றிலிருந்து தினமும் வாசலிலேயே மறித்து, "சட்டயக் கழட்டு" என்பாள். கழற்றிக் கொடுப்பேன். மூக்கில் வைத்து முகர்வாள். பன்னிரண்டு வயதுப் பெண் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பாள். அதில்தான் எனக்கு உயிர் போகும்.

"சரக்கு நாத்தத்த மறைக்க இன்னாத்தையோ பூசிக்கினு வந்துகீற. நான் இன்னா கேனையா? இன்னொரு தபா இப்டி வந்தின்னா, புள்ளய இட்டுக்கினு ஆதம்பாக்கத்துக்குப் பூடுவேன். அப்புறம் நீ கூப்ட்டாலும் வர மாட்டேன்."

அவள் வெறும் வார்த்தையாகச் சொல்கிறவள் இல்லை. ஏற்கெனவே போனவள். நான் ஒரு சொட்டுத் தொடாமலே என் குடும்பம் குடியால் போகப்போகிறது என்று பஸ்ஸில் வரும்போது வாய்விட்டு அழுதிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவரும் என்னைக் குடிகாரன் என்றுதான் நினைத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "புது வண்டியா?" என்றார் உடனே. உள்ளே ஒட்டியிருக்கும் பசை, பிளாஸ்டிக், சீட்டு ஃபோம் எல்லாவற்றிலிருந்தும் சூட்டில் ஆவி கிளம்பும், மூடிய வண்டிக்குள் அது தங்கிவிடும், அதைத்தான் சுவாசிக்கிறீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். "உறையைப் பிரிங்க. கதவெல்லாம் திறந்து போட்டு வைங்க. வெயில்ல நிற்கிற வண்டிக்குள்ள உட்காராதீங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் செய்யச் சொன்ன மூன்றும் எனக்கு விலக்கப்பட்ட மூன்று.

வீட்டில் சொன்னேன். "டாக்டரம்மாகிட்ட இன்னா கத வுட்டியோ" என்றாள் மனைவி.

மறுநாளே அண்ணாச்சியிடமும் சொன்னேன், தலையைச் சொறிந்துகொண்டு. அவர் சிரித்தார். "காசு குடுத்து வாங்குன வாசம்டே. நானும் அதே வண்டியிலதான வாரேன்? எனக்கு ஒண்ணும் செய்யலியே." குளிர்ந்த வண்டியில் இருபத்தைந்து நிமிடம் வருகிறவரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அந்த வாரமே ஒரு மதியம் தாங்க முடியாமல் கதவைத் திறந்து தெருவிலேயே வாந்தி எடுத்தேன். கேமராவில் அண்ணாச்சி பார்த்துவிட்டார். கணக்குப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். என் சிவந்த கண்ணைப் பார்த்தார்.

"வாய ஊதுடே, இவர்கிட்ட."

வாடிக்கையாளர்கள் போய்வரும் வாசலில், நாற்பத்தாறு வயதில், இன்னொருவர் முகத்தில் ஊதினேன். கணக்குப்பிள்ளை மூக்கைச் சுருக்கினார். "சரக்கு இல்ல அண்ணாச்சி. ஆனா என்னமோ ஒரு வாடை வருது."

"இனி ஒரு தடவ இப்படிப் பாத்தேன்னா சாவிய வச்சிட்டுப் போயிரு" என்று அண்ணாச்சி ஏறிப் போனார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாற்பத்தைந்தாவது நாள் மகள் வந்தாள். விமான நிலையத்தில் திறந்த வெளியில் வண்டி இரண்டு மணி நேரம் காய்ந்து கிடந்தது. அண்ணாச்சி சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்திருந்தார். பின்சீட்டு உறையை மகள் வெட்டி, இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்தாள். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. முன்சீட்டு உறைகளையும் உருவி டிக்கியில் போட்டேன். இருவரும் பின்னால் ஏறினார்கள். ஏ.சி., அந்தப் பொத்தான், எல்லாம் வழக்கம்போல.

கிண்டி வருவதற்குள் மகள் இரண்டு தடவை நெற்றியைத் தேய்த்தாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தத் தேய்ப்பு எனக்குத் தெரியும்.

"அப்பா, ஒரு மாதிரி இருக்கு. மூச்சு முட்டுது."

"பிளேன்ல வந்த அலுப்பும்மா. ஏ.சி.ய கூட்டி வைடே."

நான் கூட்டவில்லை. என் கதவில் இருக்கும் நாலு பொத்தானையும் அழுத்தி, நாலு கண்ணாடியையும் இறக்கினேன். கிண்டியின் அத்தனை சூடும் சத்தமும் உள்ளே வந்தன.

"ஏய்! ஏத்துடே! பஸ்ஸுப் புகை பூரா வருது, புள்ளத்தாச்சி இருக்கா!"

"ஏத்த மாட்டேன் அண்ணாச்சி."

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. வேலை போனது என்று நினைத்துக்கொண்டே ரேஸ்கோர்ஸ் சுவரோரம் ஒரு மர நிழலில் நிறுத்தினேன். மகள் இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் நின்றாள். முகம் தெளிந்தது. பிறகு வண்டிக்குள் தலையை நீட்டி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, சட்டென்று பின்வாங்கினாள்.

"இதுதாம்ப்பா. வெளிய நின்னா சரியாகுது. உள்ள போனா புரட்டுது. இதுக்குள்ளயா இவர் நாள் பூரா இருக்காரு?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீ ஏண்டே முன்னமே சொல்லல?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "சொன்னேன் அண்ணாச்சி. நீங்க வாய ஊதச் சொன்னீங்க."

வீடு போகும்வரை கண்ணாடிகள் இறங்கியே இருந்தன. இறங்கும்போது, அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மக பழைய வண்டியில போய் வரட்டும். நீ இத கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டிக்கிட்டே இரு. அந்த வாடை போனதும் சொல்லு." உறைகளைக் குப்பையில் போடச் சொன்னார். நான் போடவில்லை. ஒன்றை மடித்துக் கோணிப்பையில் திணித்து எடுத்துக்கொண்டேன். எனக்கு வேறு சாட்சி கிடையாது.

வீட்டில் கதவுக்குப் பின்னால் துணிப்பை ஒன்று நின்றிருந்தது. மேலே பெண்ணின் பள்ளி யூனிஃபார்ம் தெரிந்தது. மனைவி எதையும் மறைக்கவில்லை.

"சட்டயக் கழட்டு."

நான் உறையை விரித்து அவள் முன்னால் போட்டேன். "மொதல்ல இத மோந்து பாரு."

குனிந்து முகர்ந்தாள். என் சட்டையை முகர்ந்தாள். மறுபடி உறையை. "ச்சீ, இன்னாப்பா இது, தல வலிக்குது" என்று பெண் வராந்தாவுக்கு ஓடினாள். மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதான். ஒன்ற மாசமா இதயா இழுத்துக்கினு கெடந்த?" என்றாள். அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். பிறகு எழுந்து உறையைச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு, பையிலிருந்து யூனிஃபார்மை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அவுரு பொண்ணுக்கு மட்டும் மூக்கு. உன்து இன்னா, பொகக்கூண்டா? வாடை போற வரிக்கும் நீ இழுத்துக்கினே இருக்கணுமா?"

வேறு வழி? இந்த வயதில், முன்பு குடித்தவன் என்று தெரிந்தும் சாவி கொடுக்க இன்னொரு ஆளை எங்கே போய்த் தேடுவது? மறுநாள் காலை கோட்டூர்புரம் பாலத்தில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, எங்கள் ஆற்று நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு போனேன். மதியம் மறுபடி அதே வெயில், அதே வண்டி.

சாயங்காலம் மாடி ஏறிப் போனபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"சட்டயக் கழட்டு."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னுமா நம்பல?"

அவள் சட்டையை வாங்கி மூக்கில் வைத்து, நிதானமாக, வெகு நேரம் முகர்ந்தாள்.

"கொறயல" என்றாள். "இன்னும் உன் மேல கீது."

வாளியில் தண்ணீர் பிடித்துச் சட்டையை ஊறப் போட்டாள்.