இரண்டாம் வருஷத்துப் பூ

சைகோனிலிருந்து வந்த கடுதாசியைப் பிரித்தபோது, பழுப்புத் தாளில் மடித்த சிறு பொட்டலம் ஒன்று அண்ணியின் மடியில் விழுந்தது. உள்ளே பதினோரு விதைகள், வில்லை போலத் தட்டையாக இருந்தன. அண்ணன் அந்தச் சீமையில் குளிர்மலை ஊரொன்றில் பிரெஞ்சு அதிகாரி வீட்டுக்குக் காவல் இருந்தான். கல்யாணமாகி நான்கு மாதத்தில் கப்பலேறியவன். குருவிநத்தத்தில் எங்கள் வீட்டில் எழுதப்படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். வில்லியனூரில் சித்தி வீட்டில் தங்கி ஐந்து வருஷம் படித்திருந்தேன். முதல் வருஷம் இலைதான் விடும், இரண்டாம் வருஷம் ஆள் உயரத்துக்குத் தண்டு போட்டுப் பூக்கும், அதற்குள் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தான். அண்ணி அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

மழை விட்டதும் உடைந்த தண்ணீர்ச் சால் இரண்டில் ஆற்றுமணலும் எருவும் கலந்து விதைத்தாள். ஏழு முளைத்தன. இலை துத்தி இலை மாதிரியே இருந்ததால் சீமைத்துத்தி என்று அவளே பெயர் வைத்தாள். காலையில் அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி புகட்டிய பிறகு செடிகளிடம் போவாள். அப்பா இல்லாத வீடு; அம்மாவுக்கோ ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது.

மார்கழியில் அடுத்த கடுதாசி வந்தபோது அண்ணி நடவுக்குப் போயிருந்தாள். அண்ணன் அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டானாம், பிள்ளையும் பிறந்துவிட்டதாம். இனி வரப்போவதில்லை, அவளை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று இரண்டே வரி. தையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணி போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? நான்தான் பார்க்க வேண்டும். கடுதாசியை அடுப்பில் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அண்ணியின் அப்பா கரையாம்புத்தூரிலிருந்து வண்டி கட்டி வந்தார். அண்ணன் போய் மூன்று வருஷமாகிவிட்டது, பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளலாம், அத்தை மகன் அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டான் என்றார். அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. உங்க அண்ணன் வருவாரா, மாட்டாரா?"

"அடுத்த வருஷம் வந்துடுவாரு, அண்ணி."

அண்ணியின் அப்பா வந்த வண்டியிலேயே தனியாகத் திரும்பிப் போனார்.

நான் தையில் வில்லியனூருக்கு வாழப் போனேன். கோடையில் அண்ணி செடிகளுக்கு ஓலைக்கீற்றால் பந்தல் போட்டாளாம். இலையில் துரு மாதிரி புள்ளி விழுந்து மூன்று போயின. ஐப்பசி மழையில் வேர் அழுகி இன்னும் மூன்று போயின. மாசியில் தலைப்பிரசவத்துக்கு நான் வந்தபோது ஒன்றுதான் நின்றது, இடுப்பளவுகூட இல்லை. என் மகள் பிறந்த ஒன்பதாம் நாள் அதில் ஒரு பூ விரிந்தது. வெளுத்த ரோஜா நிறம். அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினாள். ராத்திரியெல்லாம் எனக்காகக் கண்விழித்ததில் அவள் முகம் வீங்கியிருந்தது.

"பூத்துடுச்சே, இன்னும் ஆளக் காணோமே" என்றாள்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எங்க அப்பா இந்த வூட்டுக்கு வந்து கேட்டன்னிக்கே ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்."

அத்தை மகனுக்குப் போன ஆவணியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் வெந்நீர்த் தவலையோடு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை வாங்கிக்கொண்டாள். சூடு தாங்குமா என்று முதலில் தன் கைமேல் ஊற்றிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதன்பின் செடிக்கு அவள் தண்ணீர் ஊற்றவுமில்லை, அதைப் பிடுங்கவுமில்லை. அம்மா இன்னும் ஒன்பது வருஷம் படுக்கையில் இருந்தாள். அத்தனை வருஷமும் அண்ணிதான் பார்த்தாள். அம்மா போன பிறகு வா என்று கூப்பிட அவள் பிறந்த வீட்டிலும் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. என் மகள் பெரியவளாகி, "அத்தை ஏம்மா நம்ம கூட பேசவே மாட்டேங்கறாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். அத்தை சுபாவமே அப்படித்தான் என்று அவளுக்கும் ஒரு பொய் சொன்னேன்.