தம்பி சொன்ன ஏரி

2009
மார்ச் 4. மேல் ஏரி ஊர், விடுதி முன்பணம், 140 யூரோ. தம்பி கட்டியது.
மார்ச் 5. கீழ் ஏரி ஊர், விடுதி முன்பணம், 140. நான் கட்டியது.
ஏப்ரல் 2. அக்காவுக்கு மலை ஏறும் ஷூ, 65. தம்பி.
ஏப்ரல் 3. அக்காவுக்கு ஊன்றுகோல் ஒரு ஜோடி, 72. நான்.
ஜூலை 11. ரயில் டிக்கெட் மூன்று, 96.
ஜூலை 15. பஸ் டிக்கெட் இரண்டு, 16.

என் தம்பி லிப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடம் அதே வேலை. லிப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே பழுது பார்ப்பான். வெளியே வரும்போது அவர்கள் அவனுக்கு நண்பர்களாகியிருப்பார்கள். நாற்பது நிமிடம் உள்ளே கிடந்த ஒரு பல் டாக்டர் கடைசி வரை அவனுக்கு இலவசமாகப் பல் பார்த்தார். நான் குடிநீர் வாரியத்தில் நீர்மட்டப் பதிவேடு எழுதியவன். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாள் விடுபடவில்லை. எனக்கு யாரும் இலவசமாக எதுவும் பார்த்ததில்லை.

அம்மா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினைந்து, அவனுக்கு எட்டு. அக்கா கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்து எங்களை ஆளாக்கினாள். எட்டு வயதுக்காரனுக்கு மடி கிடைத்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

2009 குளிர்காலத்தில் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. கோடையில் நன்றாக நடக்கலாம் என்றார் டாக்டர். பனிமலை நடுவில் ஒரு ஏரி, அதில் தன் கையால் துடுப்பு போட வேண்டும், இதுதான் அக்காவின் ஆசை. ஒரே மலையின் இரண்டு பக்கத்தில் இரண்டு ஏரி ஊர்கள் இருந்தன. ஆளுக்கொன்றுக்குப் பணம் கட்டிவிட்டு அக்காவின் சமையலறை மேஜை முன் உட்கார்ந்தோம்.

"மேல் ஏரிதான்க்கா," என்றான் தம்பி. "அங்க ரோப்கார் ஓட்டறவன் ஒருத்தன் எனக்குப் பழக்கம். காலைல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமாம்."

"யாரோ சொன்ன கதைய விடு," என்றேன். "என்கிட்ட பத்தொன்பது வருஷக் கணக்கு இருக்கு."

அக்கா அந்த ஆசையை முதலில் சொன்ன நாளிலிருந்து, செய்தித்தாளில் வரும் வானிலையை இரண்டு ஊருக்கும் தினமும் குறித்து வைத்திருந்தேன். ஜூலையில் மழை பெய்த நாள், மேல் ஏரியில் சராசரி பதினேழு, கீழ் ஏரியில் ஆறு. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"பெரியவன் எழுதி வச்சா சரியாத்தான் இருக்கும். கீழ் ஏரிக்கே போவோம்."

"அண்ணனைக் கேக்காம மழை கூட பெய்யாதுக்கா," என்றான் தம்பி. கட்டிய பணம் போனதற்கு ஒரு வார்த்தை முனகவில்லை. முனகியிருந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

கீழ் ஏரியில் ஒரு சொட்டு மழை இல்லை. காற்று மட்டும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். படகுத்துறையில் சிவப்புக் கொடி ஏற்றி எல்லாப் படகையும் கட்டிப்போட்டார்கள். என் நோட்டில் காற்றுக்குக் கட்டமே போடவில்லை. முதல் நாளே தம்பி விடுதிக்காரம்மாவின் சலவை மெஷினைச் சரிசெய்து, அக்காவோடு அவள் சமையலறையில் உட்கார்ந்துவிட்டான். மூவரும் சிரிப்பது படகுத்துறை வரை கேட்டது. நான் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் அவன் ரோப்கார்காரனுக்குப் போன் செய்தான். மேல் ஏரியில் மழை பெய்வது உண்மைதான். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல், அதுவும் ஒரு மணி நேரம். நான் அதை ஒரு முழு மழை நாளாக எழுதியிருந்தேன், பத்தொன்பது வருடமாக.

"பெரியவனே, ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாம், வா," என்றாள் அக்கா.

"இங்க ரூம் இருக்கேக்கா. நாளைக்குக் காத்து நின்னுடும்."

"அது எந்த நோட்டுல இருக்குண்ணா?" என்றான் தம்பி.

அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் போகவில்லை. இருவரும் பஸ் ஏறினார்கள். இரவு போன் வந்தது, அங்கேயே தங்குகிறார்களாம், அக்கா இரண்டு மணி நேரம் துடுப்பு போட்டாளாம். மீதி மூன்று நாளும் நான் தனியாகக் காற்றைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் மே மாதம் ரோப்கார் கம்பெனியில் தம்பிக்கு வேலை கிடைத்தது. அக்காவும் அவனோடு மேல் ஏரிக்கே குடி போனாள். மாதம் ஒரு கடிதம் எழுதுவான், அடியில் அக்காவின் ஒரு வரி. இருபத்து மூன்றாம் கடிதத்தில் ஒரு போட்டோ இருந்தது. அக்கா படகில், காலில் அவன் வாங்கிய ஷூ. நான் வாங்கிய ஊன்றுகோல் படகில் எங்காவது கிடக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை.

ஐம்பத்து மூன்றாம் கடிதத்தில் அக்காவின் வரி இல்லை. அவளுக்குத் தெரியாமல் எழுதியிருந்தான்.

"அண்ணா, நாலு வருஷமா நானும் சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். படகு கரைக்கு வந்ததும் அக்கா கேக்கற முதல் கேள்வி, பெரியவன் இப்ப என்ன பண்ணிட்டிருப்பான்னுதான். இப்பல்லாம் துடுப்பு போடறது நான், பேச்சு பூரா உன்னைப் பத்தி. கேட்டுக் கேட்டு எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீயே வந்து பதில் சொல்லு. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு."

நான்கு முறை படித்தேன். அவனுக்கும் பற்றி எரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் இனித்தது. அறையை நினைத்தது அதற்குப் பிறகுதான். ஒன்பது நாளில் வீட்டைக் காலி செய்துவிட்டு மேல் ஏரிக்கு வந்து சேர்ந்தேன். சாப்பாட்டை அக்கா இன்னும் அவனுக்குத்தான் முதலில் வைக்கிறாள்; கவனித்திருக்கிறேன். இப்போது நாங்கள் ஒரே வீட்டில் இருப்பதால் அவன் எனக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அந்தக் கடைசிக் கடிதம் என் கைக்கு வந்தது 2014 செப்டம்பர் 22, திங்கட்கிழமை.